குடும்பத்தோட திருகோணமலைக்கு ஊழியத்துக்குப் போறோம், கட்டட வேலையும் இருக்கு: அங்க அன்றாடம் எப்படி?

பனையோலை (பாளையங்கோட்டை) கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் வீட்டுக்காரர் சபை ஊழியர். அதுக்கு முன்னால 11 வருசம் கட்டட சூப்பர்வைசரா இருந்தவர். எங்க சபை அவரை ரெண்டு வருசத்துக்குத் திருகோணமலைக்கு அனுப்புது. நிலாவெளிக்கு வடக்கே ஒரு கிராமம். ஒரு பாலர் பள்ளி, சின்னதா ஒரு ஆராதனை மண்டபம், ரெண்டு அறை வீடு, மூணும் கட்டணும். குடும்பமாத்தான் போறோம். மகளுக்கு 9 வயசு, மகனுக்கு 4.

கட்டடத்தைப் பத்தி அவர்கிட்ட ஆளாளுக்கு யோசனை சொல்றாங்க. எனக்குத்தான் யாரும் ஒண்ணும் சொல்லல. காலையில எந்திரிச்சா தண்ணி எங்க இருந்து வரும்? வேலை ஆளுங்களுக்கு நான் சமைக்கணுமா? பிள்ளைங்க படிப்பு என்னாகும்? தமிழ் ஊர்தானே, பாஷைக்குப் பயமில்லன்னு எல்லாரும் சொல்றாங்க, அது நெசமா? ஒரு தகரக் கொட்டகையில கொஞ்ச நாள் இருக்க வேண்டி வரும்னு இவர் நேத்துதான் மெதுவாச் சொன்னார். நவம்பர் முதல் வாரம் கிளம்பலாம்னு டிக்கெட் பாத்துட்டு இருக்கோம். அங்க பிள்ளைங்களோட இருந்தவங்க யாராவது எழுதுங்க. பெரிசா எழுதினாலும் படிப்பேன்.

கிணற்றடி (நாகர்கோவில்) பதில்:

நவம்பர்ல போகாதீங்க தங்கச்சி, அங்க அது மழைக்காலம். டிக்கெட் போடலன்னா பிப்ரவரிக்குத் தள்ளுங்க.

நாங்க 2010 ஜூன்ல போய் 2013 ஜூன்ல திரும்பினோம். அதே நிலாவெளி ரோடு, நீங்க சொன்ன அதே மூணு கட்டடம். அப்ப மகளுக்கு 8, மகனுக்கு 3. யுத்தம் முடிஞ்சு ஒரு வருசம்தான் ஆகியிருந்துச்சு. சண்டையில பல தடவை, சுனாமியில ஒரு தடவைன்னு இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனங்க. பாதி வீட்டுக்குத் தகரம், மீதிக்குத் தறப்பாள் (நம்ம தார்ப்பாய்தான்).

தண்ணியில இருந்து ஆரம்பிக்கிறேன். நீங்க கேட்ட முக்கால்வாசிக்குப் பதில் அதுக்குள்ளயே இருக்கு.

டவுன்ல குழாய்த் தண்ணி உண்டு, கந்தளாய்க் குளத்துல இருந்து வருது. எங்க கிராமத்துக்கு அப்ப குழாய் வரல. உங்க இடத்துக்கு வந்திருக்கான்னு இப்பவே கேட்டுருங்க. எங்க காணியில (நிலத்துல) களப்புப் (உப்பங்கழி) பக்கமா ஒரு பழைய கிணறு இருந்துச்சு. வாயில வைக்க முடியாது, கரிக்கும். குடிக்கத்தானே ஆகாது, வேலைக்கு ஆகும்னு இவர் நெனச்சார். 2010 செப்டம்பர்ல அந்தத் தண்ணியை வச்சே சீமெந்துக் கல் அரிஞ்சோம், பள்ளிக்கூடத்து லிண்டலுக்கும் (ஜன்னல், கதவுக்கு மேல வர்ற கம்பி போட்ட விட்டம்) அதுலயே கொங்கிறீட் போட்டுக் காயவச்சு எடுத்து வச்சோம். அத்திவாரத்துக்குக் கிடங்கு (குழி) வெட்டி முடிச்சப்ப மழை பிடிச்சுது. 2011 ஜனவரியில கிழக்கு மாகாணம் முழுக்க வெள்ளம், பிப்ரவரியில மறுபடியும். கிடங்கு ரெண்டு பக்கமும் சரிஞ்சு குளமா நின்னுச்சு. அடுக்கி வச்சிருந்த சீமெந்துல 40 பை இறுகிப் பாறையாப் போச்சு. சபைச் சனங்க கைப்பிடி அரிசி எடுத்து வச்சுச் சேர்த்த காசு அது. அந்தப் பைகளைப் பாத்துட்டு இவர் அன்னைக்கு ராத்திரி சாப்பிடல.

அதுவரைக்கும் நாங்க டவுனை ஒட்டின உப்புவெளியில வாடகை வீட்ல இருந்தோம். இவர் காலையில பைக்ல போய்ப் பொழுதடைய வருவார். வெள்ளம் வடிஞ்சதும் வேலைத்தளத்துலயே தகரக் கொட்டகை போட்டுக் குடிவந்தோம். உங்க வீட்டுக்காரர் சொன்ன கொட்டகைக்குப் பயப்படாதீங்க. மேல கிடுகு (முடைஞ்ச தென்னங்கீத்து) போட்டா சூடு நல்லாக் குறையும். எங்க கணக்குல டவுன்ல இருந்த எட்டு மாசமும் வீண்தான்.

கிணறு வெட்டச் சொன்னது எங்க மேசன் பாஸ். பாஸ்னா அங்க முதலாளி இல்ல. கொத்தனார், தச்சர் எல்லாரையும் மரியாதையா அப்படித்தான் கூப்பிடுவாங்க. கிண்ணியாவுல இருந்து வர்ற முஸ்லிம் பெரியவர். "தங்கச்சி, கட்டடம் எங்கயும் ஓடாது. முதல்ல நல்ல தண்ணிக்கு ஒரு கிணறு வெட்டுங்க. அதையும் வேலிக்கு வெளியில வெட்டுங்க"ன்னார்.

எங்க வீட்ல மூணு நாளா இதே பேச்சு. பிளான்ல கிணறு எங்க சமையல்கட்டுக்குப் பின்னால இருந்துச்சு. வெளிய விட்டா மோட்டார் வைக்க முடியாது, சபை கணக்கு கேட்கும்னு இவர். குளிக்க மறைவு வேணும்னு நானும் அவர் பக்கம்தான். நாலாம் நாள் விடியக்காலம் எதிர்வீட்டுப் பிள்ளை ரெண்டு கையிலயும் கேனைத் தூக்கிட்டு ரோட்டோரமா நடந்து போனதைப் பாத்தேன். முக்கால் மைல் போகணும். என் மக வயசுதான். நான் பாஸ் பக்கம் போயிட்டேன்.

ஏப்ரல்ல வெட்டினோம். மேல வெள்ளை மணல், அஞ்சடிக்குக் கீழ பழுப்பு, எட்டடியில ஈரம். மணல் சரிஞ்சுட்டே இருக்கும்கிறதால சீமெந்து உறையை மேல நிறுத்திட்டு அதுக்குள்ள நின்னு தோண்டுவாங்க. அடி மணலை எடுக்க எடுக்க உறை தன் பாரத்துலயே இறங்கும். பத்தடி தாண்டினதும் உள்ள இருந்த பெரியவர் குனிஞ்சு, கால் விரலைச் சுத்தி ஊறின கலங்கல் தண்ணியை உள்ளங்கையில ஏந்தி வாயில விட்டார். மேல நாங்க பதினஞ்சு பேர் எட்டிப் பாத்துட்டு நிக்கிறோம். அவர் துப்பல. முழுங்கிட்டு நிமிர்ந்து பாத்து, "தேத்தண்ணி வைக்கலாம்"னார்.

ரெண்டு நாள் இறைச்சு, கலங்கல் தெளிஞ்ச பிறகு காலையில அஞ்சரைக்குக் குடத்தோட போனேன். எனக்கு முன்னால நாலு பேர். அத்தனை மாசமும் என்னைக் கண்டா தலையை ஆட்டிட்டுப் போனவங்க, "வாங்கோ அக்கா, நீங்க முதல்ல அள்ளுங்கோ"ன்னு விலகினாங்க. நான் வரிசையிலயே நின்னுக்கிட்டேன். யார் வீட்டு ஆம்பளை காணாமப் போனார், யாருக்கு நகை அடகுல இருக்கு, எந்தப் பிள்ளைக்குக் காது கேக்கல, எல்லாம் எனக்குத் தெரிஞ்சது அந்த வரிசையில நின்னுதான். பாலர் பள்ளி திறந்தப்ப வந்த 22 பிள்ளைங்களுக்கும் அவங்க அம்மாமார் பேர் கொடுத்தது கிணத்தடியில.

பாஷைக்குப் பயமில்லன்னு சொல்றவங்க அங்க குடியிருந்தவங்களா இருக்க மாட்டாங்க. ஒரு நாள் ஒரு அம்மாகிட்ட, "உங்க மகனைப் பாத்தேன், ரொம்ப நேரம் பேசினேன்"னேன். அவங்க முகம் கறுத்துப் போச்சு. சாயங்காலம் புருஷனோட வந்து நிக்கிறாங்க: "என்ர பிள்ளை என்ன பிழை செய்தவன் எண்டு பேசினீங்க?" அங்க பேசுறதுன்னா திட்டுறது. நாம பேசுறதை அவங்க கதைக்கிறதும்பாங்க. இதை மட்டுமாவது போறதுக்கு முன்னாலயே மனசுல ஏத்திக்கோங்க. இன்னொண்ணு, "கச்சான் தொடங்கிட்டுது"ன்னு மே மாசம் சொல்வாங்க. கச்சான்னா வேர்க்கடலை, அதே பேர்தான் தென்மேற்கில இருந்து அடிக்கிற வறண்ட காத்துக்கும். செப்டம்பர் வரைக்கும் அடிக்கும். சோத்துல மணல், படுக்கையில மணல், பிள்ளைங்க உதடு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் கைவசம் இருக்கட்டும்.

சமையல் கேட்டீங்க. சட்டப்படி நீங்க சமைக்க வேண்டியதில்ல, ஆனா தேத்தண்ணி உங்க பொறுப்புதான். பத்து மணிக்கு ஒண்ணு, மூணரைக்கு ஒண்ணு. எட்டுப் பேருக்கு இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி (பால் இல்லாத டீ), கூட பணிஸ் (பன்). அது பத்து நிமிசம் தாமதமானா அன்னைக்கு வேலை அரை மணி பிந்தும். மத்தியானச் சோறு நான் விருப்பப்பட்டுத்தான் ஆக்கினேன். சாளை மீன் மலிவாக் கிடைக்கும் நாள்ல குழம்பு. முதல்ல நம்ம ஊர்த் தூள் போட்டு வச்சப்ப எல்லாரும் மரியாதைக்குத்தான் சாப்பிட்டாங்க. அவங்க தூள்ல மல்லி, சீரகம் எல்லாம் கருக வறுத்து அரைப்பாங்க. எதிர்வீட்டு அக்கா ஒரு போத்தல் தந்தாங்க, அதுக்கப்புறம் சட்டி காலியாகித்தான் திரும்பி வரும்.

வாரத்துக்கு ஆறு நாள் வேலைன்னு கணக்குப் போட்டுட்டுப் போகாதீங்க. வெள்ளி மத்தியானம் பாஸ் ஜும்மாவுக்குப் போகணும். ஞாயிறு நம்ம ஆராதனை. மாசம் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறை. 2011 ஆகஸ்ட் முழுக்க நோன்பு மாசம், எங்களுக்குச் சுவர் எழும்பிட்டு இருந்த நேரம். பாஸும் அவர் ரெண்டு பையன்களும் அந்த வெயில்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம கல் வச்சாங்க. மத்த ஆளுங்களுக்குத் தேத்தண்ணி வேணும்தான், ஆனா அடுப்பைக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் மாத்திட்டேன், வாசம் இவங்க பக்கம் வரக் கூடாதுன்னு. அதை நான் யார்கிட்டயும் சொல்லல. பெருநாள் முடிஞ்சு மறுநாள் பாஸ் வீட்ல இருந்து ஒரு சட்டி வட்டிலப்பம் வந்துச்சு, "அடுப்ப மாத்தின தங்கச்சிக்கு"ன்னு சொல்லி விட்டிருந்தாங்க.

மதம் மாத்தவா வந்தீங்கன்னு கேட்பாங்க. கேக்கிறதுக்கு அவங்களுக்கு உரிமை உண்டு. என்னைக் கேட்டது ஒரு வயசான அம்மா, கிணத்தடியில, எல்லார் முன்னாலயும். "நாங்க கும்பிடுறதை மறைக்க மாட்டோம் அம்மா, கேட்டாச் சொல்லுவோம். ஆனா உங்க பேத்தி படிக்கிறதுக்கு அதை விலையாக் கேட்க மாட்டோம்"னேன். மூணு வருசமும் அந்த வார்த்தையைக் காப்பாத்தினோம். அந்தப் பேத்தி நெத்தியில திருநீறோடதான் வந்து படிச்சுது.

படிப்பு: மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேர்த்தோம். அங்க அப்ப ஜனவரியில வகுப்பு தொடங்கும், நமக்கு ஜூன், அதனால அரை வருசம் போச்சு. இங்க திரும்பி வந்து அதைச் சரிக்கட்டினா. ஆனா சிங்களம் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா.

சின்னவனைப் பத்தித்தான் எழுதக் கை வரல, ஆனாலும் நீங்க தெரிஞ்சுக்கணும். 2012 டிசம்பர்ல அவனுக்கு டெங்கு. நாலாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு, நல்லாயிட்டான்னு நெனச்சேன். ஆஸ்பத்திரியில இருந்த டாக்டரம்மாதான், காய்ச்சல் விடுற அந்த ரெண்டு நாள்தான் மோசம்னு சொல்லி வீட்டுக்கு விடல. டெங்குக்குப் பாரசிட்டமால் தவிர வேற வலி மாத்திரை எதுவும் கொடுக்கக் கூடாது. கிராமத்துல இருந்து பொம்பளைங்க முறை வச்சு வந்து என்னோட உக்காந்திருந்தாங்க. அவன் பொழைச்சான். வீட்டுக்கு வந்து பாத்தா, கொங்கிறீட் நனைக்கிறதுக்குத் தண்ணி பிடிச்சு வச்சிருந்த எங்க பீப்பாய்க்குள்ள புழு நெளியுது. எங்க பீப்பாய்தான். வாரத்துக்கு ஒரு தடவை கவிழ்த்து, உள்பக்கத்தைத் தேங்காய்ப் பொச்சால உரசிக் கழுவுங்க. முட்டை பக்கச் சுவர்ல ஒட்டியிருக்கும், தண்ணியை மாத்தினா மட்டும் போகாது. உங்க வீட்டுக்காரர் மறந்துருவார், நீங்க செய்யுங்க.

சனிக்கிழமை சாயங்காலம் வேலைத்தளத்தைப் பூட்டிட்டு இவரைக் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டுப் போவேன். பிரட்ரிக் கோட்டைக்குள்ள மான் கூட்டம் மேஞ்சுட்டு இருக்கும், பிள்ளைங்களுக்கு அது போதும். கன்னியாவுல ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொண்ணும் ஒரு சூடு. எது எதைவிடச் சூடுன்னு ரெண்டும் அடிச்சுக்கும்.

விசா: சுற்றுலா விசாவுல போய் வேலையைத் தொடங்கிராதீங்க. வதிவிட விசா கைக்கு வந்த பிறகு சாமான் கட்டுங்க.

ஓய்வுபெற்ற ரீ.ஓ. (திருகோணமலை) பதில்:

பிள்ளை, கிணற்றடித் தங்கச்சி எழுதினது முழுக்க வாசிச்சன். நான் இந்த ஊரிலதான் பிறந்து வளர்ந்தனான், ரீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஆக 30 வருசத்துக்கு மேல கட்டட வேலையோட சீவிச்சனான். சில விசயம் உங்கட அவரிட்டக் காட்டுங்கோ.

கிணறு வேலிக்கு வெளியில இருந்தது சனத்துக்கு நல்லம். மோட்டர் வைக்காமல் விட்டது கிணத்துக்கே நல்லம். எங்கட கரையோர மணலுக்குக் கீழ மழைத்தண்ணி கடல் தண்ணிக்கு மேல மிதந்து கொண்டு நிக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டால், கீழ ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டு கணக்கு. மேல ஒரு அடியை மோட்டரால உறிஞ்சி எடுத்தீங்கள் எண்டால் கீழ இருந்து உவர் ஏறி வரும். ஏறினது லேசில இறங்காது. வாளியால அள்ளுற கிணறு நிண்டு பிடிக்கும். ஆழமா வெட்டினால் கூடுதலாத் தண்ணி வரும் எண்டு நினைச்சு உங்கட ஊர் மாதிரி இறங்கிப் போடாதேங்கோ.

தங்கச்சிக்கு ஒரு திருத்தம். உவர்த் தண்ணியில கல்லு அரிஞ்சது பெரிய பிழை இல்லை. கல்லுக்குள்ள கம்பி இல்லை. சுவரில வெள்ளையா உப்புப் பூக்கும், பூச்சு உதிரும், திரும்பப் பூசலாம். பெரிய பிழை லிண்டல். உப்பு உள்ளுக்க போனால் கம்பி கறள் (துரு) பிடிக்கும். கறள் பிடிச்ச இரும்பு ஊதிப் பல மடங்கு இடம் கேட்கும், கொங்கிறீற்று வெடிச்சு விழும். தண்ணியில மட்டும் இல்லை, மணலிலயும் கவனம். பக்கத்தில மலிவா ஏத்தித் தாறன் எண்டு வருவினம். ஒரு கை மணலை நல்ல தண்ணிக்குள்ள கலக்கி நாக்கில வைச்சுப் பாருங்கோ, சிப்பித்தூள் தெரியுதோ எண்டும் பாருங்கோ. கரிச்சால் திருப்பி அனுப்புங்கோ. அனுமதிப் பத்திரம் உள்ள ஆத்து மணலே வாங்குங்கோ. கடலுக்குக் கிட்ட எண்டால் கம்பிக்கு வெளியில ரெண்டு இஞ்சிக்குக் குறையாமல் கொங்கிறீற்று மூடி நிக்க வேணும்.

கச்சான் காலத்தில வெய்யில் ஏற முன்னம் கொங்கிறீற்றுப் போட்டு முடியுங்கோ. அந்தக் காத்து மேல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிடும், அண்டைக்கே மயிர் மாதிரி வெடிப்பு வரும். ஈரச் சாக்குப் போட்டு ஏழு நாளுக்குக் குறையாமல் நனைக்க வேணும். கூரையை இறுக்கிக் கட்டுங்கோ. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கம்தான் கரையேறினது.

கடலில இருந்து 300 மீற்றருக்குள்ள காணி எண்டால் கரையோரம் பேணல் திணைக்களத்தின்ர அனுமதியும் வேணும், பிரதேச சபை அனுமதி மட்டும் போதாது. மண்டபத்துக்கு, வழிபாட்டு இடம் கட்டுறது பற்றின 2008ஆம் ஆண்டு அரசாங்கச் சுற்றுநிருபத்தைக் காட்டி அமைச்சின்ர அனுமதி கேட்பினம். பாலர் பள்ளி எண்டு எழுதிப் போட்டு உள்ளுக்க மண்டபம் கட்டுற வேலை வேண்டாம். ரெண்டையும் ரெண்டாக் கேளுங்கோ, பிந்தினாலும் பரவாயில்லை.

பாளையங்கோட்டை எண்டு போட்டிருக்கிறீங்கள், அதால இதையும் எழுதுறன். 1902இல, பிறகு பிஷப் ஆன வி. எஸ். அசரியா யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். இங்கத்தைத் தமிழ்ச் சபையள் தங்கட காசில தமிழ்நாட்டுக் கரையில இருக்கிற தொண்டிக்கு மிஷனரி அனுப்பிக் கொண்டிருந்ததைக் கண்டவர். திரும்பிப் போய் அடுத்த வருசமே, 1903இல, உங்கட பாளையங்கோட்டையில இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினது. அண்டைக்கு இங்க இருந்து அங்க வந்தவை, இண்டைக்கு அங்க இருந்து நீங்கள் வாறீங்கள். எனக்கு அதில சந்தோசம். வந்தால் வீட்டுக்கு வாங்கோ.

வெங்காயத் தோட்டம் (நிலாவெளி) பதில்:

அக்கா, நான் அந்தப் பக்கத்து ஆள். இப்ப ஒரு பாலர் பள்ளியில ரீச்சரா இருக்கிறன்.

சுனாமிக்குப் பிறகு எங்கட இடத்துக்கும் வெளியில இருந்து ஒரு குடும்பம் வந்தது. பேர் சொல்ல விருப்பமில்லை, நல்ல ஆக்கள். வடிவான கட்டடம், நிறம் அடிச்சு, ஊஞ்சல் போட்டு. ரெண்டு வருசத்தில போய்ட்டினம். திறப்பு (சாவி) அவையின்ர கொழும்பு ஒப்பீசுக்குப் போய்ட்டுது. ஆர் பேரில காணி, ஆர் கரண்ட் காசு கட்டுறது, ஒண்டுக்கும் பதில் இல்லை. ஜன்னலால எட்டிப் பார்த்தால் உள்ளுக்க சின்னக் கதிரை எல்லாம் அடுக்கினபடி தெரியும். நாங்க பிள்ளையளை வைச்சுக் கொண்டு பக்கத்து மாமரத்துக்குக் கீழ படிப்பிச்சனாங்க. மழைக்கு அந்த விறாந்தையில ஒதுங்குவம், கதவு திறக்கேலாது. ரெண்டு வருசம் அப்பிடிப் போனது. பிறகு ஆரோ பூட்டை உடைச்சிட்டினம். நான் அதைப் பிழை எண்டு சொல்ல மாட்டன்.

நீங்க அத்திவாரம் வெட்ட முதலே திறப்பு ஆரிட்ட இருக்கப் போகுது எண்டு எழுதி வையுங்கோ. சம்பளம் ஆர் தாறது எண்டும் எழுதுங்கோ. ரெண்டு வருசம் முடியேக்க எழுத நேரம் வராது, பெட்டி கட்டத்தான் நேரம் இருக்கும்.

பிள்ளையளுக்குச் செருப்பில்லாமல் மணலில நடக்கப் பழக்குங்கோ, ஆனால் இருட்டினால் ரோச் (டார்ச்) இல்லாமல் விடாதேங்கோ, புடையன் பாம்பு (கண்ணாடி விரியன்) இருக்கு.

பனையோலை:

கிணற்றடி அக்கா, ஐயா, டீச்சர், மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரி இவரை உக்கார வச்சு முழுசும் வாசிச்சுக் காட்டினேன். பிப்ரவரிக்கு மாத்தியாச்சு. திறப்பு விசயத்தை வாசிக்கும்போது இவர் பேசவே இல்ல, எழுந்து போய் பிளானை எடுத்துட்டு வந்து கிணத்தை வேலிக்கு வெளிய வரைஞ்சார்.

ஐயா, கண்டிப்பா உங்க வீட்டுக்கு வருவோம்.

அக்கா, ரெண்டு கேள்வி. உங்க கட்டடத்தோட திறப்பு இப்ப யார்கிட்ட இருக்கு? அப்புறம், இங்க இருந்து என்ன கொண்டு போகணும்? என் மாமியார் மிக்ஸி, இட்லிப் பானை, அருவாமனைன்னு பெரிய பட்டியல் போட்டிருக்காங்க.

கிணற்றடி:

தங்கச்சி, டீச்சர் சொன்னதை எங்களுக்கு யாரும் முன்னாலயே சொல்லல. நாங்க கடைசி நாலு மாசத்துலதான் ஓடி ஓடி எழுதினோம். அந்தக் கிராமத்துப் பெண்கள் ஏழு பேர் பேர்ல குழு. திறப்பு அவங்ககிட்ட. வீட்டைக் கடைசியாத்தான் கட்டினோம், நாங்க அதுல இருந்தது அந்த நாலு மாசம்தான், இப்ப அங்க படிப்பிக்கிற டீச்சர் குடும்பம் இருக்கு.

2024 செப்டம்பர்ல நாங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்தோம். நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல், அங்க இருந்து பஸ். (மழைக்காலத்துல கப்பலை நிறுத்திருவாங்க, நீங்க போற மாசம் ஓடுதான்னு பாத்துக்கோங்க.) ஐயா சொன்னது அப்படியே நடந்திருக்கு. பள்ளிக்கூடத்து முன் ஜன்னல் லிண்டல்ல நீளமா ஒரு கோடு, அதுல இருந்து சுவர்ல பழுப்பா வடிஞ்சு கறை. இவர் அதைத் தடவிப் பாத்துட்டே நின்னார். கிண்ணியாவுக்குப் போய் பாஸைப் பாத்தோம், கண் சரியாத் தெரியல, ஆனா குரலை வச்சுக் கண்டுபிடிச்சுட்டார். அவர் மகன்தான் அந்த லிண்டலை உடைச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தந்தார். செலவு நாங்க கொடுத்தோம், எங்க பிழைதானே.

என்ன கொண்டு போகணும்னா, மிக்ஸி வேண்டாம், அங்க கடையில கிடைக்கும், அம்மியும் உண்டு. இட்லிப் பானை கொண்டு போங்க, உங்க பிள்ளைங்க ரெண்டாம் வாரம் அழும். நாலு பேருக்கும் நல்ல கொசுவலை. மகளுக்கு இங்கத்த பாடப் புத்தகம் ஒரு செட். ஒரு தடிச்ச நோட்டு, கிணத்தடியில கேட்டதை அன்னைக்கன்னைக்கு எழுதி வைக்க, ராத்திரி ஜெபத்துல ஒருத்தர் பேரும் விட்டுப்போகாம இருக்கும்.

இன்னொண்ணு எனக்காக. எங்க கிணறு மெயின் ரோட்ல இருந்து பாத்தாலே தெரியும், பள்ளிக்கூடத்து வேலிக்கு இந்தப் பக்கம், பக்கத்துல ஒரு வேப்பமரம். போன தடவை பாத்தப்ப இரும்புக் கப்பி உப்புக் காத்துல துருவேறிச் சுத்தவே மாட்டேங்குது, பொம்பளைங்க கயித்தைச் சுவர்ல உரசித்தான் இழுக்கிறாங்க. நாகர்கோவில்ல பித்தளைக் கப்பி ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன், ரெண்டரைக் கிலோ இருக்கும். நீங்க கிளம்புற தேதி சொல்லுங்க, பாளையங்கோட்டைக்கே கொண்டு வந்து தர்றேன். பெட்டியில இடம் இருக்குமா?